ஏழுமலையின் கைக்குட்டை

இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவதை உங்களில் ஒருவரும் நம்பப்போவதில்லை. அல்சூர் ஏரியின் மேல் ஆணை, ஏரியிலுள்ள அத்தனை மீன்களின் மேலும் ஆணை. இதே கதையை நான் இதுவரை நானூறு தடவை சொல்லியிருக்கிறேன். நானூறு தடவையும் ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், ஒருவர்கூட நம்பவில்லை. அந்தத் தைரியத்தில்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை காலை, வாயில் பிரஷ்ஷோடு நின்றபோது செல்பேசி அடித்தது. ஏழுமலையின் மகள் செல்வி.

"மாமா, அப்பா போயிட்டாரு."

"எங்க போனான்?" என்று கேட்டேன். நுரையோடு, சிரித்துக்கொண்டே.

"காலைல டூட்டிக்குப் போனாரு மாமா. சேர்ல உக்காந்தாராம். அவ்ளோதான்."

எலெக்ட்ரானிக் சிட்டியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டில் காவலராக இருந்த திரு. ஏழுமலை அவர்கள் தமது நாற்பத்திரண்டாம் வயதில் அந்த நாற்காலியிலேயே மறைந்தார். 'அவர்கள்' என்று எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னா மச்சான், புதுசா மரியாதை?" என்று அவரே கேட்பதுபோல் இருக்கிறது. இருக்கட்டும். உயிரோடு இருந்தபோது கொடுக்கத் தவறிய மரியாதை நிறைய மீதியிருக்கிறது.

சடங்குகள் முடிந்த மறுநாள் செல்வி வந்தாள். பி.யு.சி. இரண்டாம் வருடம், அதாவது பிளஸ் டூ, படிக்கிற பெண். "பதினாறாம் நாள் நம்ம ஏரியா சங்கத்துல கூட்டம் வச்சிருக்கோம் மாமா. சின்னதா ஒரு புக்கு போடறோம். நீங்க அந்த ஃபேன் கதைய எழுதிக் குடுங்க. அப்பா எவ்ளோ தடவ கேட்டாலும் சிரிப்பாரே, அது" என்றாள்.

சரியென்று தலையாட்டிவிட்டேன். ஒரு வாரமாக எழுத உட்காருகிறேன், கை ஓடவில்லை. காரணம், செல்வி கேட்கும் கதை என்னிடம் இருக்கிறது. செல்விக்குச் சொல்லவேண்டிய கதை வேறொன்றும் இருக்கிறது. இரண்டும் ஒரே நாளில், ஒரே கடையில் நடந்தவை.

அவளும் அவரை அறியாதவர்களும் படிக்க, வரிசையாகச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஏழுமலையும் நானும் ஹெப்பகோடியில் ஒரு பிரஸ் ஷாப்பில் ஒப்பந்தத் தொழிலாளிகள். இரும்புத் தகட்டை உள்ளே வைத்துப் பெடலை மிதித்தால் மேலிருந்து அச்சு இறங்கி வெட்டும். அந்த இயந்திரம் ஒருமுறை இறங்கினால் கோலார் வரைக்கும் பாத்திரங்கள் உருளும் என்பது என் வாக்குமூலம். அல்சூரிலிருந்து விடியற்காலையில் கம்பெனி பஸ். ஆயுத பூஜைக்கு முன்னால் பர்மனென்ட் லிஸ்ட் போடுவார்கள் என்று பேச்சு. ஆறு பேர் காத்திருந்தோம். ஒரு குழந்தைக்கு அப்பாவாக இருந்தவர் அந்த ஆறு பேரில் ஏழுமலை ஒருவர்தான். அந்தக் குழந்தைதான் செல்வி.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தலைமையகம் அல்சூர் பஜார்ப் பக்கம் ரஹீம் பாயின் வீடியோ கேம் கடை. ஆட்டோ நிறுத்துகிற அகலமுள்ள அறை, மூன்று மிஷின்கள். அதில் சண்டை மிஷினுக்கு மட்டும் அரசவை மரியாதை. ஜெயித்தவன் நிற்பான், தோற்றவன் போவான், அடுத்தவன் டோக்கனைக் கண்ணாடிமேல் வைத்துவிட்டுக் காத்திருப்பான். அதன் வீரர்களின் நிஜப் பெயர்கள் எங்களில் யாருக்கும் தெரியாது. நாங்களே ஞானஸ்நானம் செய்துவைத்தோம்: நீளக் காலோடு பறந்து பறந்து உதைப்பவன் கொக்கு, ஆமைபோல் நடக்கும் மல்யுத்தக்காரன் குண்டன். கொக்கு என்னுடையது. குண்டனைச் சீந்த ஆளில்லை. குண்டன் பிடித்துவிட்டால் எதிரியின் கதை முடிந்தது, வாஸ்தவம்தான். ஆனால் அந்தப் பிடிக்கு மிஷினின் ஜாய்ஸ்டிக் குச்சியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றவேண்டும். அதற்குள் எதிரி நாலு உதை விட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வந்துவிடுவான்.

அந்தக் கடையில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள். பின்னால் நின்று பார்த்துத்தான் திருட வேண்டும். ஏழுமலை ஆறு மாதம் ஒரு டோக்கன்கூட வாங்காமல் நின்று பார்த்தார். ரஹீம் பாய் பொறுத்துப் பார்த்துக் கேட்டார்: "க்யா மியான், சினிமாவா ஓட்றேன் நான் இங்க?"

"இரு பாய், பாடம் படிக்கிறேன்."

என்ன படித்தார் என்று பஸ்ஸில் ஒருநாள் கேட்டேன்.

"நீங்கள்லாம் ஸ்க்ரீனைப் பாக்கறீங்க மச்சான். நான் ஆடறவன் தோளைப் பாக்கறேன். குதிக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தனும் மூச்ச இழுப்பான். தோளு லேசா ஏறும். நீயும்தான். உன்னுது ஏரிக்கு அந்தப்பக்கத்துல இருந்தே தெரியுது."

பிறகு, அந்த வருடக் கோடையில், ஊரில் கல்யாணம் என்று இரண்டு வாரம் லீவு போட்டார் ஏழுமலை. கல்யாணம் எதுவும் இல்லை. முந்தின வெள்ளிக்கிழமை பிரஸ் அச்சு அவருடைய இடது கையின் இரண்டு விரல்களை நசுக்கியிருந்தது. பெரிய ரத்தமில்லை. துணியைச் சுற்றி, கையுறையை மாட்டி, ஷிஃப்டை முடித்து, வேறு ஏரியாவில் ஒரு கிளினிக்கில் போய்த் தையல் போட்டுக்கொண்டார். விரல் மடங்காதவனைப் பிரஸ்ஸில் நிறுத்த மாட்டார்கள். லிஸ்ட்டில் பெயரும் வராது. திரும்பி வந்தவர் தொழிற்சாலையில் கையுறையைக் கழற்றவேயில்லை. அவர் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது.

வந்த முதல் ஞாயிறு ரஹீம் பாயிடம் டோக்கன் வாங்கினார். கடையே திரும்பிப் பார்த்தது. மிஷினுக்கு வலப்பக்கம் போய் நின்றார். ஜேபியிலிருந்து நீலக்கட்டம் போட்ட கைக்குட்டையை எடுத்து, உதறி, குச்சியையும் இடது கையையும் சேர்த்து மூடினார். குண்டனைத் தேர்ந்தெடுத்தார். கடை சிரித்தது.

இரண்டு மணி நேரம் அவரை அந்த இடத்தைவிட்டு யாராலும் நகர்த்த முடியவில்லை. குண்டன் சும்மா நிற்பான். எதிரி மூச்சு இழுப்பான். கால் தரையைவிட்டுக் கிளம்பும் முன்னால் குண்டனின் கை அவன் கழுத்தில் இருக்கும்.

"ஏய் குரு! கர்சீப்புக்குள்ள இன்னா வச்சிருக்க, காந்தமா?" என்று தோற்றவன் ஒருவன் கத்தினான்.

"எங்க ஊரு தாயத்து" என்றார் ஏழுமலை, திரும்பாமலே.

நாலு வாரத்தில் அல்சூரில் பாதிப் பேர் குண்டனுக்கு மாறினார்கள். எல்லார் கையிலும் கைக்குட்டை. வலப்பக்கம் நிற்பதற்கு அடிதடி. ஒருவர் வீட்டிலிருந்து ஈரிழைத் துண்டே கொண்டுவந்து தோள்வரை போர்த்திக்கொண்டார். பஜாரில் கைக்குட்டை தட்டுப்பாடு ஏற்பட்டு அரசாங்கம் தலையிட்டது என்று நான் சொல்லி வந்திருக்கிறேன். அதை விடுங்கள். பார்த்துப் பார்த்துத் திருடியவர்கள் நாங்கள். திருடியதில் பாதி ஒரு மனிதனின் காயம் என்று எங்களுக்குத் தெரியாது.

எனக்குத் தெரியாது என்றுதான் நானும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் நான்கு மாதம் அவர் முதுகுக்குப் பின்னாலேயே நின்றவன் நான். அவரிடம் கற்றதை அவர்மேலேயே பிரயோகித்தேன்: திரையைப் பார்க்காமல் ஆளைப் பார்த்தேன். கொக்கு குண்டனைத் தாண்டிப் பின்பக்கம் விழுந்தால் குண்டன் தடுப்பதில்லை என்று கண்டுபிடித்தேன். காரணம் இன்று எளிதாகத் தெரிகிறது. தடுக்க, எதிரி நிற்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் குச்சியைத் தள்ளிப் பிடிக்கவேண்டும். குச்சியை வலப்பக்கம் தள்ள உள்ளங்கை போதும். இடப்பக்கம் இழுத்துப் பிடித்திருக்க விரல் வேண்டும். டீக்கடையில் அத்தனை மாதமும் அவர் இடது கையைப் பையிலேயே வைத்துக்கொண்டு டம்ளரை வலது கையாலேயே எடுப்பதையும் பார்த்திருந்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அறிவு போதவில்லையா, சேர்க்க மனமில்லையா?

அந்த ஞாயிறு வந்தது. நானூறு பேர் கூடினார்கள், சிவாஜி நகர் பஸ்ஸைத் திருப்பிவிட்டார்கள், மிஷின் புகைந்தது என்பதெல்லாம் ஃபேன் கதையில் நான் சொல்லி நீங்கள் கேட்டதுதான். நான் இடப்பக்கம், ஏழுமலை வலப்பக்கம். அவருடைய இடது கை என் வலது கைக்கு ஒரு சாண் தூரத்தில், கைக்குட்டைக்கு அடியில்.

முதல் சுற்றில் தாண்டித் தாண்டி உதைத்து ஜெயித்தேன். கடை கூத்தாடியது.

"அட, கண்டுபுடிச்சிட்டியா மச்சான்" என்றார் மெதுவாக. குரலில் கோபமில்லை.

இரண்டாவது சுற்றில் அவர் தடுக்க முயலவேயில்லை. நான் மூச்சை இழுக்கும்போதே பிடித்தார். மூன்றாவதிலும் அதே. கொக்குக்கு உயிர் ஒரு நூலளவு மீதி. நான் மூச்சை அடக்கிக்கொண்டு குதிக்கப் பார்த்தேன். அடக்குவதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. குண்டன் ஒரு அடி எடுத்துவைத்தான்.

நான் கைக்குட்டையைப் பிடித்து இழுத்தேன்.

அவர் கை சட்டென்று குச்சியை விட்டுவிட்டு மார்போடு ஒடுங்கிற்று. நான் உதைத்தேன். ஜெயித்தேன். திரையில் கொக்கு ஒற்றைக் காலைத் தூக்கி ஆடிக்கொண்டிருந்தது. ஏழுமலையின் இடது கையில் நடுவிரலும் மோதிரவிரலும் மட்டை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன, தையல் தழும்போடு.

ஆட்டத்தில் கை வைத்தவனை அந்தக் கடையில் சும்மா விடமாட்டார்கள். ரஹீம் பாய் ஸ்டூலைவிட்டு எழுந்துவிட்டார். அப்போதுதான் ஏழுமலை மேலே அண்ணாந்து பார்த்துச் சொன்னார்:

"யோவ் பாய், இன்னா ஃபேன்யா வச்சிருக்க? துணியெல்லாம் பறக்குது!"

எல்லோரும் மேலே பார்த்தார்கள். பார்த்துவிட்டுக் கூரை இடியச் சிரித்தார்கள். ஃபேன் கதை பிறந்தது இப்படித்தான். அதைப் பெற்றவர் அவர்; வளர்த்தவன் மட்டுமே நான்.

மேலே பார்க்காதவர் ஒருவர் இருந்தார். பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு வந்து, கூச்சல் கேட்டு எட்டிப்பார்த்த எங்கள் சூப்பர்வைசர் நஞ்சுண்டப்பா. அவர் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனாய்த்து கைகே?" என்று கன்னடத்தில் கேட்டார். கைக்கு என்ன ஆயிற்று என்று.

"ஏனில்லா சார். சுளுக்கு."

திங்கட்கிழமை கையுறையைக் கழற்றச் சொன்னார்கள். நஞ்சுண்டப்பாவைக் குறைசொல்ல மாட்டேன். விரல் மடங்காத ஆளைப் பிரஸ்ஸில் விட்டு, அடுத்தது மணிக்கட்டு போயிருந்தால் அவர் என்ன பதில் சொல்வார்? ஏழுமலையைக் கம்பெனி கேட்டில் காவலுக்கு மாற்றினார்கள். ஆயுத பூஜைக்கு முன்னால் லிஸ்ட் வந்தது. ஒரே ஒரு பெயர். என்னுடையது. அவர் கை தெரியாமல் இருந்திருந்தால் அது அவர் பெயராக இருந்திருக்கும் என்பதற்கு ஆதாரமில்லை. இல்லை என்பதற்கும் ஆதாரமில்லை. அன்றிலிருந்து அவர் கேட்டுகளிலேயே இருந்தார். கேட்டுகள் மட்டும் மாறின.

லிஸ்ட் வந்த வாரம் டீக்கடையில் கேட்டேன், அந்தக் கையோடு ஏன் விளையாட வந்தார் என்று.

"டாக்டரு கையைச் சுத்தினே இரு, இல்லாட்டி மடங்காதுன்னாரு. வீட்ல சும்மா உக்காந்து சுத்தினா பைத்தியம்னுவாங்க. எந்த ஆளுக்கு அதிகமா சுத்தணும்னு பாத்தேன். குண்டன்தான்." டம்ளரை வலது கையால் எடுத்துக்கொண்டார். "இன்னும் ரெண்டு மாசம் போயிருந்தா மடங்கியிருக்கும்."

அப்புறம் அவர் அந்தக் கடைக்குப் போகவில்லை. நானும்தான்.

செல்விக்கு மஞ்சள் நீராட்டு வைத்த அன்று, பந்தி நடுவில், "மச்சான், அந்த ஃபேன் கதையச் சொல்லு" என்றார். சொன்னேன். ஃபேன் காற்றில் கைக்குட்டை ஏரியைத் தாண்டிப் பறந்தது. அடுத்த விசேஷத்தில் ஓசூரைத் தாண்டியது. ஒவ்வொரு தடவையும் முதலில் சிரித்தவர் அவர். நான் ஃபேனைப் பெரிதாக்கப் பெரிதாக்க, அதற்குப் பின்னால் ஒளிய எனக்கு இடம் கிடைத்தது. அதை அவர் தெரிந்தேதான் கொடுத்தார்.

ஒரே ஒருமுறை, போன வருடம், ஹெப்பகோடி பஸ் ஸ்டாப்பில் நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். பேச்சு நின்ற ஓர் இடைவெளியில் நான் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு வாயைத் திறக்கப்போனேன். அவர் சாலையைப் பார்த்தபடியே சொன்னார்:

"குதிக்காத மச்சான்."

"இன்னா?"

"மூச்ச இழுத்த. தோளு ஏறுது." பிறகு, "ஃபேன்தான்டா அது. உட்று" என்றார். பஸ் வந்தது. இடது கையை உள்ளங்கையால் கம்பியில் மாட்டி ஏறிக்கொண்டார்.

மயானத்துக்கு எடுக்கும் முன் நான் அவருக்கு இடப்பக்கம் நின்றேன். செல்வி ஒரு கைக்குட்டையை மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தாள். "எங்க போனாலும் எடுத்துனு போவாரு மாமா" என்றாள். அப்போது மூச்சை இழுத்தேன். தடுக்க அவர் இல்லை. அப்படியும் குதிக்கவில்லை. அதனால்தான் இப்போது எழுத்தில் குதிக்கிறேன்.

போய் வாருங்கள் ஏழுமலை அவர்களே. இந்த ஒருமுறை உங்கள் பிடிக்கு நான் தப்பிவிட்டேன், மன்னிக்க வேண்டும்.

செல்வி, நீ கேட்ட கதை பொய். கடையில் நானூறு பேர் இல்லை, பதினொரு பேர். பஸ் வழக்கம்போல் ஓடியது. மிஷின் புகையவில்லை. ஃபேன் றெக்கையைக் கழற்றி ரிப்பேருக்குக் கொடுத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மேலே வெறும் கம்பிதான் தொங்கியது. அதைப் பார்த்துத்தான் எல்லோரும் சிரித்தார்கள். கைக்குட்டை மட்டும் உண்மை. நான் இழுத்தபோது அது வியர்வையில் பிழியலாம்போல் நனைந்திருந்தது. அவ்வளவு வலித்திருக்கிறது உன் அப்பாவுக்கு.