மிளகு பதித்த நைட்ரஜன்

யாரும் கண்டிராத ஒன்றின் படத்தை, பிறந்ததிலிருந்து எதையுமே கண்டிராத ஒருத்தி வரைய முடியாது என்று எப்படிச் சொல்வது? கொல்லிமலையில், ஆலத்தூர் நாடு என்னும் ஊர்த்தொகுதியில் மிளகு விளைவிக்கும் மாதம்மாளின் மகள் பானுமதியின் படிப்பு இந்தக் கேள்வியில் வந்து நின்றது.

பத்தாம் வகுப்பு முடித்தவள் பதினொன்றில் அறிவியல் கேட்டாள். தலைமையாசிரியர் தயங்கினார். அணுவைச் சுற்றி இணைதிறன் எலக்ட்ரான்களைப் புள்ளிகளாக வைத்துப் படம் போடாமல் வேதியியல் நகராது. அதைச் செய்துகாட்டினால் இடம் உண்டு. இல்லையென்றால் வரலாறு என்றார்.

“இதுவரைக்கும் படத்துக்கெல்லாம் உனக்கு விலக்கு இருந்துச்சு கண்ணு. எதுக்கு இந்தப் பாடு?” என்றார் வேதியியல் ஆசிரியை சுகுணா.

“எலக்ட்ரானை நீங்க பாத்திருக்கீங்களா டீச்சர்?”

“யாரும் பாத்ததில்ல.”

“அப்பறம் எனக்கு மட்டும் எதுக்குங்க விலக்கு?”

சுகுணா விதியைச் சொன்னார்: நைட்ரஜனின் வெளிக்கூட்டில் ஐந்து எலக்ட்ரான், எட்டானால்தான் அமைதி, குறைவதைப் பக்கத்து அணுவோடு பகிர்ந்துகொள்ளும்.

வீட்டில் பானுமதி மரவள்ளிக் குச்சிக்கிழங்கை வட்டமாக நறுக்கினாள். இரண்டு வில்லைகளின் விளிம்பிலும் ஐந்தைந்து பச்சை மிளகைப் பதித்து, ஒட்டிவைத்தாள். பக்கத்துக்கு ஒரு மிளகாக நடுவுக்குத் தள்ளி, நடுவில் இருப்பதை இரு பக்கத்துக்கும் சேர்த்து எண்ணினாள். நடுவில் இரண்டு; போதவில்லை. நான்கு, அப்போதும் போதவில்லை. ஆறு வந்தபோது இரு பக்கமும் எட்டு. இருப்பதோ மொத்தம் பத்தே மிளகு. விரல் அங்கேயே நின்றுவிட்டது.

“அம்மா, காத்துல முக்கால்வாசி இதுதானாம்.”

“காத்தா இது? உப்புப் போட்டு வேக வெக்கட்டுமா சாமி?” என்றாள் மாதம்மாள். அன்றைய நைட்ரஜன் சட்டிக்குள் போனது.

அதிசயம் என்பது மலிந்துபோன சொல். ஆனாலும், மூச்சில் வந்துபோகும் ஒன்றின் அமைப்பை ஒரு கை தானாகவே சென்று தொட்டதற்கு வேறு சொல் இல்லை.

சோதனை நாளில் அம்மோனியா கேட்டார்கள். பானுமதி சொல்லச் சொல்ல, கணக்கு ஆசிரியர் இளங்கோ, மடித்த துண்டின்மேல் தாளை வைத்து, அவள் கேட்டுக்கொண்டபடி பேனாவை அழுத்திப் புள்ளி வைத்தார். முடிந்ததும் அவள் தாளைத் திருப்பி, பின்புறம் புடைத்திருந்த புள்ளிகளைத் தடவினாள்.

“சார், ஒண்ணு குறையுதுங்க.”

“எல்லாம் வெச்சுட்டனே!”

“மூணு ஹைட்ரஜனுக்கும் சோடி இருக்குதுங்க. தனியா நிக்கிற சோடியிலதான் ஒண்ணைக் காணோம்.”

இளங்கோ எண்ணினார். எட்டு இருக்கவேண்டிய இடத்தில் ஏழுதான். “கண்ணாடிய மாத்தோணும் போல,” என்றார்.

தலைமையாசிரியர் தாளை வாங்கி, கண்களை மூடிக்கொண்டு தாமும் ஒருமுறை தடவினார்.  பிறகு, “அறிவியல்ல உனக்கு இடம் உண்டும்மா,” என்றார்.

சேர்க்கைப் படிவத்தில் பிரிவை எழுத சுகுணா பேனாவைத் திறந்தார். பானுமதி அவர் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

“வரலாறுன்னு போடுங்க டீச்சர்.”

சுகுணா அன்றே கேட்டுப் பார்த்தார். மாதம்மாள் பல வருடம் கேட்டாள். முடியாதவளுக்கு ஒதுக்கியதாக இல்லாமல், தானே கேட்டு வாங்கியதாகப் பானுமதி வரலாறே படித்தாள். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை.