தானாகச் சொட்டிய மருந்து

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரியில் நான் டொக்டர். அறுவைச் சிகிச்சையின்போது ஆயா மாரியாயி ஒரு கையால் மயக்க மருந்தை முகமூடியில் சொட்டுவாள்; மறுகை நோயாளியின் நாடியில் இருக்கும். அந்த வேலைக்கு நானே மருந்துப் போத்தலில், சொட்டுச் சொட்டாக விடும் ஒரு திருகு பொருத்தினேன்.

"இனி தானா சொட்டும். நீ வெளிய போ."

"போத்தலுக்கு நாடி பாக்கத் தெரியுமாங்க ஐயா?" என்று சிரித்தாள். அவள் திரும்பி வராதபடி கதவைத் தாழிட்டேன்.

அன்று மேசையில் கிடந்த, கொழுந்து பறிக்கும் செல்லம்மாவின் அறுத்த வயிற்றில் பீறிட்ட இரத்தத்தை இரு கைகளாலும் அழுத்தியிருந்தபோது, திருகு நழுவி மருந்து முகமூடியில் கொட்டியது. கையை எடுத்தால் இரத்தம் போகும். எடுக்காவிட்டால் மூச்சு நிற்கும். கத்தினேன். மாரியாயி கதவை உடைத்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

"இருதயம் பலவீனம்" என்று செல்லம்மாவின் புருஷனிடம் சொன்னேன்.

"நீங்க என்னாங்க செய்வீங்க?" என்று கும்பிட்டார். மாரியாயி உடைந்த தாழ்ப்பாளைப் பொறுக்கி எடுத்தாள்.

அந்தக் கும்பிடு இன்னும் என்னை விடவில்லை.