அந்தப் படத்துக்குக் கீழே எழுதியது

பொறியியல் முடித்து இரண்டு வருடமாக வேலையில்லாமல், கும்பகோணம் பக்கத்தில் எங்கள் ஊரிலேயே இருந்தேன். விண்ணப்பங்களை மென்பொருளே வடிகட்டித் தள்ளிவிடும், இணையத்தில் நமக்கென்று ஒரு பெயர் இருந்தால்தான் மதிப்பு என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள்.

அப்போது எங்கள் வயலில் செந்திலின் அம்மா நடவு நட்டுக்கொண்டிருந்தார். செந்தில் என்னோடு படித்தவன். அவனும் வேலை தேடிக்கொண்டிருந்தான். அவன் விண்ணப்பங்களுக்கு இயந்திரம் அனுப்பும் மறுப்புகள்தான் வந்தன. அவன் அம்மாவைப் படமெடுத்து, “இந்தக் கூலித் தாயின் மகன் நான்” என்று எழுதிப் போட்டேன். என் அம்மா பள்ளி ஆசிரியை.

பதிவு எங்கெங்கோ பரவியது. ஒரு நிறுவனம் நேர்காணலுக்கு அழைத்தது.

மறுநாள் செந்திலின் அம்மா போனோடு வந்தார். “தம்பி, என் படத்தைப் போட்டிருக்கீங்களாமே! செந்தில்கிட்ட படிக்கச் சொன்னேன். படிச்சிட்டு ஒண்ணும் சொல்லாம போயிட்டான். நீங்க படிச்சுக் காட்டுங்க.”

திரையைப் பார்த்தபடியே, “நம்ம ஊர்லயே இவங்க மாதிரி நடவு நட ஆள் இல்லன்னு எழுதியிருக்கேன்” என்றேன். அவர் முகமெல்லாம் சிரிப்பு.

அவர் போனதும் பதிவை அழித்தேன். நேர்காணலுக்கும் போகவில்லை. ஆனால் செந்தில் வீட்டுக்குப் போக எனக்கு நான்கு நாளாயிற்று. நான் வாயெடுப்பதற்குள் அவனே சொன்னான்: “அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதடா. தெருவெல்லாம் சொல்லிச் சொல்லி சந்தோஷமா இருக்கு.”

தலையாட்டிவிட்டு வந்தேன். அவன் என்னைத் திட்டியிருந்தால், என்றைக்காவது மறந்திருப்பேனோ என்னவோ.