ஸ்டெல்லாவின் குரலுக்கு அடுத்த குரல்

இன்று அம்மாவோடு நம் ஊர் மியூசியத்துக்குப் போயிருந்தேன். முத்துக்குளிப்பவர்கள் கடலுக்குள் இறங்கப் பயன்படுத்திய கல் ஒன்று அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. பக்கத்தில் க்யூஆர் கோடு. ஸ்கேன் செய்தால் ஒரு பெண் அந்தக் கல்லின் கதையைச் சொல்கிறாள்.

ஸ்டெல்லா!

ஒன்பதாம் வகுப்பு வரை என் பக்கத்தில் உட்கார்ந்தவள். நான் அதோடு பள்ளியை விட்டுவிட்டேன். அவளுடைய பள்ளிப் பிள்ளைகளும் மியூசியமும் சேர்ந்து இதைச் செய்தார்களாம்.

வகுப்பில் அவள் வாசிக்கத் திணறினால் நான்தான் மெதுவாக எடுத்துக்கொடுப்பேன். இப்போது ஊரே அவள் குரலைக் கேட்கிறது. எனக்கு வயிறு எரிந்தது.

பதிவின் கடைசியில் அவளே சொன்னாள்: "உங்கள் வீட்டுக் கதையையும் பதிவு செய்யுங்கள். இங்கேயே ஒலிக்கும்."

உடனே போனில் பதிவுப் பொத்தானை அழுத்தினேன். அவ்வளவுதான், பேச்சு வரவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏளா, வாயத் தொற! எங்கப்பா இந்தக் கல்லோட எறங்கி கடலுக்குள்ள மூச்சடக்குனாரு. நீ தரையில நின்னுக்கிட்டு எதுக்குளா மூச்சப் புடிக்கே?"

"பதிவாகிவிட்டது, நன்றி" என்றது போன்.

பின்னால் வந்தவர்கள் ஸ்கேன் செய்தார்கள். ஸ்டெல்லாவை ஒருமுறை கேட்டார்கள். அம்மாவை மூன்று முறை கேட்டுச் சிரித்தார்கள். வீடு வரும்வரை அம்மாவுக்கு அதே பேச்சு.

இப்போது எனக்கு இரண்டு பேர் மேல் பொறாமை.

அங்கே போகிறவர்கள் கேட்டுவிட்டு எப்படி இருந்தது என்று இங்கே சொல்லுங்கள். அம்மா பேசி முடித்ததும் ஒரு பெருமூச்சு கேட்கும்.

அது நான்தான்.