எஸ்தர் மிஸ் ரோட்டில் கத்திய வார்த்தை

எங்கள் வேன் டிரைவர் குமார்தான் போனில் சொன்னார். "அக்கா, எஸ்தர் மிஸ் பூட்டாங்க. காலைல நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சாம்."

தாம்பரம் கல்லறைத் தோட்டத்தில் மண் போடும்போது எனக்குப் பின்னால் ஒருவர் பேசியது காதில் விழுந்தது. "நல்ல டீச்சர். ஒரு தடவைதான் ஒரு குழந்தையை ரோட்டுல விட்டுட்டாங்க." அந்த ஒரு தடவையைப் பற்றித்தான் எழுதுகிறேன். மிஸ்ஸைத் தெரிந்த எல்லோரும் படிக்க வேண்டும்.

கோவிலம்பாக்கத்தில் எங்கள் பள்ளிக்கூடம். மிஸ் யு.கே.ஜி. டீச்சர். நான் ஆயா, ஐந்தாவது வரை படித்தவள். கால்வாய்க்குப் பள்ளம் தோண்டியதால் வேன் எதிர்ப்பக்கம்தான் நிற்கும். தண்ணீர் லாரிகள் பறக்கும் அந்த ரோட்டைப் பதினாறு குழந்தைகளும் தினமும் தாண்ட வேண்டும்.

அதற்காக மிஸ் மூன்று இங்கிலீஷ் வார்த்தைகளைப் பழக்கினார். ‘ஜூம்’ என்றால் விறுவிறுவென்று தாண்டணும். ‘ஸ்விஷ்’ என்றால் சுவரோரம் ஒதுங்கணும். ‘தம்ப்’ என்றால் இரண்டு காலையும் தரையில் அடித்து, அடித்த இடத்திலேயே நிற்கணும். கனமான பொருள் கீழே விழும் சத்தமாம் அது. வகுப்பிலும் திடீர் திடீரென்று கத்திப் பழக்குவார்.

"இன்னா மிஸ்ஸு, புள்ளைங்களுக்குப் பாடம் நடத்துறீங்களா, பட்டாசு வெடிக்கிறீங்களா?" என்று குமார் கிண்டல் செய்வார்.

நானும் கேட்டேன். "நில்லுன்னு தமிழ்ல சொன்னா நிக்காதா மிஸ்?"

"நில்லு, நில்லுன்னு வூட்ல நாளெல்லாம் கேக்குதுங்க அக்கா. எங்க நிக்குதுங்க? இது ரோட்டுக்குன்னே வெச்ச வார்த்தை" என்றார். இன்னொன்றும் சொன்னார். "ரோட்டுல பேர் சொல்லி மட்டும் கூப்பிடாதீங்க. பேரைக் கேட்டா குழந்தை உங்ககிட்டதான் ஓடி வரும்."

கேட்டேன். மறந்தேன்.

அந்த ஒரு நாள் மத்தியானம் முதல் எட்டுப் பேரை நான் தாண்ட வைத்துவிட்டேன். மீதிப் பேர் மிஸ்ஸோடு பள்ளிக்கூடப் பக்கம் நின்றார்கள். பார்த்தால் தியாவின் தண்ணீர் பாட்டில் என் கையில் இருக்கிறது. "தியா கண்ணு! உன் பாட்டில் இங்க கீது பாரு!" என்று கையைத் தூக்கிக் காட்டிவிட்டேன்.

அவள் மிஸ்ஸின் கையை உதறிக்கொண்டு ஓடி வந்தாள். பல்லாவரம் பக்கமிருந்து லாரி வந்தது. ஹாரன் அடிக்கிறான், பிரேக் பிடிக்கவில்லை. நான் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றேன்.

"தம்ப்!"

மிஸ்ஸின் அடிவயிற்றிலிருந்து வந்த சத்தம் அது. தியா இரண்டு காலையும் அடித்து நடு ரோட்டில் நின்றாள். என் பக்கத்தில் இருந்த எட்டுக் குழந்தைகளும் அதே நேரம் காலை அடித்து நின்றன. லாரி அவளுக்கு ஒரு முழம் முன்னால் போனது. அதிலிருந்து சிந்திய தண்ணீரில் அவள் ஷூ நனைந்திருந்தது. அவ்வளவுதான்.

ஸ்கூட்டியில் வந்த தியாவின் அம்மா பாதியிலிருந்துதான் பார்த்திருக்கிறார்; நான் கூப்பிட்டது அவருக்குத் தெரியாது. மறுநாள் ஆபீசில் கரஸ்பாண்டென்ட் எங்கள் இருவரையும் நிற்க வைத்துக் கேட்டார். "குழந்தை ஏன் ஓடினா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மிஸ், "என் கையிலதான் இருந்தா சார். நான்தான் விட்டுட்டேன்" என்றார். தப்பு தன்னுடையதுதான் என்று மிஸ்ஸிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அந்த வருஷம் முழுக்க வேன் பக்கமே வரக்கூடாது என்றார்கள்.

வெளியே வந்து அழுதேன். மிஸ் அதட்டினார். "அழுதா ஆச்சா? உங்கள நிறுத்திட்டுப் புதுசா ஒருத்தரை வெச்சா, அவங்களும் இதே மாதிரி பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க. நீங்க இனிமே கூப்பிட மாட்டீங்க. நாளையிலேர்ந்து நீங்கதான் கத்தணும்."

"எனக்கு இங்கிலீஷ் வாயில வராது மிஸ்."

"ஒரு மூட்டை கீழ விழுந்தா சத்தம் வருதுல்ல? மூட்டை எந்த ஸ்கூல்ல படிச்சிது? கத்துங்க."

காலி வகுப்பில் என்னைக் கத்த வைத்தார். என் குரல் போதாது என்று மறுபடி மறுபடி கத்த வைத்தார்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை நினைத்தேன். வேலை போய்விடும் என்ற பயம். வருஷங்கள் ஓடிவிட்டன. மிஸ்ஸும் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து கல்லறை வாசலுக்கு வந்தேன். எதிர்ப்பக்கம் தியா, அம்மாவோடு நின்றுகொண்டிருந்தாள். நன்றாக வளர்ந்திருக்கிறாள். பேர் தொண்டை வரை வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டேன். பஸ், லாரி எல்லாம் போகட்டும் என்று நின்று, ரோட்டைத் தாண்டிப் போய் அவள் அம்மாவிடம் சொன்னேன்.

"அன்னிக்கு இவளைக் கூப்பிட்டது நான்தாம்மா. மிஸ் இல்ல."

அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தியாதான் கேட்டாள். "ஆயா, நீங்க இப்பவும் ‘தம்ப்’ சொல்றீங்களா?"

"தினமும் சொல்றேன் கண்ணு" என்றேன்.

மிஸ் விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது அந்தச் சத்தம்தான். நாளை மத்தியானமும் அந்த ரோட்டில் கத்துவேன். இதைப் படித்த பிறகும் என்னை வேலையில் வைத்துக்கொண்டால்.