நாற்பது நாடும் நாலு மணி நேரமும்

மாநாடு நடத்திக் கொடுக்கும் தொழிலில், யார் எத்தனை மணிக்கு எந்த வாசலில் வந்து இறங்குவார்கள் என்பது அத்துபடி. கட்டின புருஷன் எப்போது வருவார் என்பது மட்டும் தெரியாது. கல்யாணத்தில் பந்தி பார்த்தவர்கள், ஆபீஸ் விழாவுக்கு நாற்காலி எண்ணியவர்கள் எல்லாரும் என் கட்சி. உங்களிடம் சொன்னால் புரியும்.

இந்த முறை எங்கள் கம்பெனிக்கு வந்தது போட்டி ஒழுங்குமுறை அதிகாரிகளின் சர்வதேச மாநாடு. வியாபாரிகள் கூட்டுச் சேர்ந்து விலையை ஏற்றிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர்கள் உத்தியோகம். நாற்பது நாடு, மும்பையில் இரண்டு நாள். அந்த இரண்டாம் நாள்தான் என் வீட்டுக்காரர் செல்வனின் சரக்குக் கப்பல் நாவா ஷேவா துறைமுகத்துக்கு வருகிறது என்று போன் வந்தது. அவருக்கு இன்ஜின் ரூமில் வேலை, ஏழு மாதமாகக் கடல். வெளியே வர நாலு மணி நேரம் அனுமதி. அங்கிருந்து சான்பாடாவில் எங்கள் வீடு ஒரு மணி நேரம். அந்த மனுஷன் நம் வீட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிடணும், எதிரே உட்கார்ந்து நான் பார்க்கணும். வேறென்ன கேட்டேன்?

தேதி

எங்கள் பாஸ் ஜோஷி மேடம் நல்லவர்தான், ஆனால் தேதி விஷயத்தில் கருங்கல். "மாநாட்டை ஒரு நாள் முன்னால் இழுக்கலாமா மேடம்?" என்று கேட்டேவிட்டேன். நாற்பது நாட்டு விசா, ஹோட்டல், மந்திரி வருகை. கேட்ட பிறகு எனக்கே வெட்கமாகப் போனது.

காரணத்தைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேடைப் பொறுப்புக்கு ஆள் வைத்தால் நாலைந்து மணி நேரம் போய் வா என்றார். நான் வாசல் வரைக்கும் போன பிறகு பின்னாலிருந்து குரல் வந்தது: "அரே மலர், மந்திரியை நகர்த்த முடியாது. கப்பலை நகர்த்த முடியுமா பார்!"

ஒரே கையெழுத்து

இந்த அதிகாரிகளுக்குத் தண்ணீர் பாட்டில் வாங்குவதானாலும் மூன்று பேரிடம் ஒட்டிய கவரில் விலை கேட்டாக வேண்டும். மேடைப் பூவுக்கு மாட்டுங்காவில் மூன்று கடைகளில் சொன்னேன். மூன்றும் தாராவியில் குடியிருக்கும் அண்ணன் தம்பி மூவரின் கடைகள். வருஷக் கணக்காக அவர்களிடம்தான் வாங்குகிறேன், அதில் வில்லங்கம் வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

மாநாட்டுச் செலவுக்குப் பொறுப்பான டெல்லி அதிகாரி கவர்களைப் பிரித்தார். மூன்றிலும் ஒரே விலை. போகட்டும், மூன்றிலும் ஒரே கையெழுத்து! மூத்தவர் இசக்கி அண்ணனின் மகளுக்கு இங்கிலீஷ் எழுத்து அழகாக வருமாம், அவளையே மூன்றையும் எழுத வைத்திருக்கிறார்கள். கூட்டுச் சதியைப் பிடிக்கிறவர் மேசைக்கே கூட்டுச் சதி கவர் போட்டு வந்து நிற்கிறது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதியாகிவிட்டேன்.

திரும்பத் தனித்தனியாக எழுத வைத்தோம். இசக்கி அண்ணனுக்கே கிடைத்தது, ஆனால் அவருக்கு மனசு ஆறவில்லை. "ஏம்மா, கூடப் பொறந்தவன் வயித்துல அடிக்காம ஒரே வெல சொன்னோம். இதுல என்னம்மா தப்பு கண்டுட்டாரு?"

பெட்டி

முதல் நாள். ஒவ்வொருவர் முன்னாலும் பெயர்ச்சீட்டு ஒட்டிய மைசூர்பாகுப் பெட்டி வைத்தேன். ஒருத்தரும் தொடவில்லை. அன்பளிப்பு வாங்கக் கூடாதாம், இதை யாராவது எனக்கு முன்னாடியே சொல்லித் தொலைத்திருக்கலாம். மேசை முழுக்க நாற்பது பெயர், செல்வன் என்று ஒரு பெயர் இல்லை. மதியத்துக்கு மேல் ஒரு பெட்டியின் சீட்டைக் கிழித்துவிட்டு என் பைக்குள் வைத்தேன். என்னவோ அவரையே எடுத்து உள்ளே வைத்த மாதிரி இருந்தது.

நிமிர்ந்தால், எதிர் வரிசையில் வெள்ளைத் தலை வெளிநாட்டு அதிகாரியம்மா ஒருத்தி. அவள் பெட்டி திறந்திருக்கிறது. உதட்டில் துகள். என் பையைப் பார்த்தாள், தன் பெட்டியைப் பார்த்தாள், இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னாள்: "நீ எதையும் எடுக்கவில்லை, நான் எதையும் வாங்கவில்லை."

கூட்டு

இரண்டாம் நாள் காலை எட்டரைக்குச் செல்வன் போன் செய்தார். பதினொன்றுக்கு வெளியே வருவாராம், மூன்றுக்கு உள்ளே இருக்கணும். மேடைப் பொறுப்புக்கு நான் சொல்லி வைத்திருந்த பெண் அப்போது பார்த்துக் காய்ச்சல் என்று செய்தி அனுப்புகிறாள். நிறைவு விழாவுக்கு மேடை மாற்றணும், நாற்பது பூங்கொத்து நாட்டு வரிசையில் அடுக்கணும். அப்படியே படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன், மறைப்பானேன்?

இசக்கி அண்ணன் பூக்கூடையோடு வந்தார். பின்னால் இரண்டு தம்பிகளும். ஆர்டர் அண்ணனுக்கு, வேலைக்கு மூன்று பேர்! விஷயத்தைக் கேட்டார். பட்டியலை என் கையிலிருந்து வாங்கித் தம்பியிடம் கொடுத்தார். "நீங்க கெளம்புங்கம்மா. மூணு பேரும் கூட்டுச் சேந்து பாத்துக்கிடுதோம். டெல்லிக்காரர்ட்ட மட்டும் சொல்லிராதீங்க."

மூன்று மணிக்குள்

துறைமுக வாசலில் காத்து நின்றேன். பதினொன்றுக்கு வர வேண்டியவர், ஏதோ கையெழுத்து பாக்கி என்று பன்னிரண்டரைக்கு வந்தார். இளைத்துக் கறுத்து, எந்த சோப்புக்கும் போகாத எண்ணெய் வாசத்தோடு. டாக்ஸியில் ஏற்றினேன். காலையில் ஐந்து மணிக்கே எழுந்து வைத்த கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு வீட்டு மேசையில் மூடி இருந்தது. ராத்திரி ஷிப்ட் முடித்து வந்தவர், "சொல்லு" என்றார். நான் சொல்ல ஆரம்பிப்பதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

ரோடு முழுக்க கன்டெய்னர் லாரி. ஒரு மணி நேரத்தில் பாதி தூரம்கூடப் போகவில்லை. இனி வீட்டுக்குப் போனால் மூன்றுக்குள் திரும்ப முடியாது. டிரைவரிடம் மெல்லச் சொல்லி வண்டியைத் திருப்ப வைத்தேன். அவரை எழுப்பவில்லை. தலையின் கனம் தோளில் இருந்தது. அதுவே போதும் என்று சொல்ல மாட்டேன், போதவில்லை. ஏழு மாதப் பேச்சு அப்படியே பாக்கி நின்றது. அவருக்குச் சாப்பிடக் கொடுக்க என்னிடம் இருந்தது அந்த மைசூர்பாகுப் பெட்டி ஒன்றுதான்.

மூன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது துறைமுக வாசலில் வண்டி நின்றது. கண்ணைத் திறக்காமலே காலால் செருப்பைத் தேடினார். "வீடு வந்துருச்சா மலரு? பசிக்குது."

நாற்பது நாட்டுக்காரர்களை நேரம் தவறாமல் ஒரே மேசையில் உட்கார வைத்த கெட்டிக்காரி என்று அன்று சாயங்காலம் மேடம் எனக்குப் பூங்கொத்து கொடுத்தார், அதைக் கொண்டுபோய் என் வீட்டு மேசையில் காலியாக இருந்த நாற்காலிக்கு எதிரே வைத்தேன்.