கடைசி நம்பர்

பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் நேற்று மீதிக் காசாகப் புத்தம் புதிய ரூபாய்த் தாள் ஒன்று கொடுத்தார்கள். இப்படி ஒன்று கிடைத்தால் எல்லோரும் மோந்து பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். நான் அந்த மை வாசனை பட்டதும் அதை மடித்துக் கைப்பைக்குள் திணித்துவிட்டேன். பொருளியல் படிப்பிக்கிற டீச்சருக்கு நோட்டைக் கண்டால் பயம் என்றால் நீங்கள் சிரிக்கத்தான் செய்வீர்கள்.

விலையெல்லாம் தலைகால் தெரியாமல் ஏறிய அந்த வருசம், நான் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குப் பணவாதம் நடத்திக்கொண்டிருந்தேன். பொருளைவிடப் பணம் வேகமாகப் பெருகினால் விலை ஏறியே தீரும், ஆகவே பணத்தின் அளவைப் பிடித்துக் கட்டு என்பதுதான் பணவாதிகளின் கட்சி. அரசு செலவு செய்துதான் வேலை உண்டாக்க வேண்டும் என்று நம்பியிருந்த உலகம் முதலில் அவர்களைப் பெரிதாக மதிக்கவில்லை. பிறகு விலைவாசியும் வேலையின்மையும் சேர்ந்தே ஏறியபோது, பெரிய நாடுகள் அவர்கள் பேச்சைக் கேட்டு வட்டியை உயர்த்தின. விலை அடங்கியது, பலருக்கு வேலையும் போனது. இதையெல்லாம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு ஜோராக விளக்குவேன். பக்கத்து வீட்டு ரேடியோவில் பணம் அச்சடிக்கிற செய்தி வந்தால் மட்டும் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவேன்.

நாட்டை நினைத்துப் பயந்தேன் என்றால் பொய். அம்மாவை நினைத்துத்தான். லுணுகலைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த அம்மா, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பெண்களின் சீட்டில் கடைசி நம்பரை எடுத்திருந்தார். மாதாமாதம் எல்லோரும் காசு போட, மொத்தமும் ஒருவருக்குப் போகும். அவசரக்காரருக்கு முன் நம்பர், பொறுத்திருக்கக்கூடியவருக்குக் கடைசி. கடைசி நம்பர் எடுப்பது எங்கள் லயத்தில் ஒரு பெருமை. அந்தக் காசில் எங்கள் ஒற்றை அறை வீடான காம்பராவின் ஓட்டைக் கூரைத் தகரத்தை முழுசாக மாற்றுவதென்று அம்மா கனவு கண்டார்.

பணத்தின் சுற்றோட்ட வேகம், அதாவது காசு கைமாறுகிற வேகம் என்று நான் பாடம் நடத்தியதைப் பெண்களின் காலில் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆறுதலாகச் சாமான் வாங்கப் போகிறவர்கள், சம்பளம் கைக்கு வந்ததுமே மழைக்குப் போட்ட கொங்காணியைக்கூட அவிழ்க்காமல் கடைக்கு ஓடினார்கள். இரும்புக்கடைக்கார நானாவிடம் தகரத்தின் விலை கேட்டேன்.

"இப்ப எடுத்தா இந்த வெல டீச்சர். அந்திக்கு வந்துட்டு என்னைய ஏசக் கூடாது."

ஓட்டமாக வீட்டுக்குப் போனேன்.

"அம்மா, இந்த மாசமே சீட்ட கேட்டு வாங்குங்க. காசு கரைஞ்சுக்கிட்டே போகுது."

"சீட்டுல போட்ட காசு எப்புடி கரையும்? இந்த மாசச் சீட்டு செல்லம்மாவுக்கு, மகளுக்கு கல்யாணம். கடைசி எனக்குன்னு நாந்தான சொன்னேன். இப்ப போயி மொதல்ல குடுன்னா, அவ மூஞ்சிய எப்புடி பாக்குறது?"

அம்மாவின் முறை வந்தபோது ஒரு ரூபாய் குறையாமல் கொடுத்தார்கள். யாரும் ஏமாற்றவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் பயமாக இருக்கிறது. வாங்க முடிந்த தகரம் அடுப்படிக்கு மேலே மட்டும் போதுமாக இருந்தது. மற்ற இடமெல்லாம் ஒழுகியது.

"எல்லாரும் ஒழுங்காத்தான கட்டுனாங்க? அப்ப என் காச யாரு எடுத்தா?" என்று அம்மா கூரையைப் பார்த்துக் கேட்டார்.

பாடம் முழுதும் எனக்குத் தெரியும். ஒழுகுகிற இடத்தில் ஒரு வாளியைக் கொண்டுபோய் வைத்தேன்.

இப்போது விலை ஓரளவு அடங்கிவிட்டது. போன மாதம் லயத்தில் மறுபடி சீட்டுப் போடக் கூடினார்கள். முன் நம்பர்களுக்கு அடிபிடி. கடைசி யாருக்கு என்று செல்லம்மாக்கா கேட்டபோது, எல்லோரும் வழக்கம்போல அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா அடுப்பைப் பார்க்கப் போகிறவர்போல எழுந்து உள்ளே போய்விட்டார்.

சீட்டு சேரவில்லை.